செம்புக் கம்பி முதல் உப்புத் தண்ணீர் வரை: சூடு ஏறும்போது மின்தடையை அளப்பது

சிரிஞ்சு ஒன்றின் மேல் சுற்றிய 50 மீட்டர் செம்புக் கம்பி, ஐஸ் தண்ணீரில் 27 ஓம் காட்டும். கொதிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் 38 ஓமைத் தாண்டிவிடும். அதே பாத்திரத்தில் கிடக்கும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்பத் தடை பெரிதும் மாறும் பீங்கான் துண்டு) 33 கிலோ ஓமிலிருந்து 740 ஓமுக்கு இறங்கும். கான்ஸ்டன்டன் என்ற கலப்பு உலோகக் கம்பியின் தடை கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். உப்புத் தண்ணீர் 75 டிகிரிக்கு வருவதற்குள்ளேயே கிட்டத்தட்ட நான்கு மடங்கு நன்றாகக் கடத்தும். இந்த நான்கையும், கூடவே பல்பு இழை, டையோடு, ஃபிரிட்ஜ் ரிலேக்குள் இருக்கும் பீங்கான் வில்லை ஆகியவற்றையும் வீட்டு மேசையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்து அளக்கும் முறை இது. கீழே வரும் எண்கள் பொருளின் பண்பிலிருந்து கணக்கிட்டவை. உங்கள் அளவு இவற்றிலிருந்து 2, 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. இணைப்பிலோ தெர்மாமீட்டர் இருக்கும் இடத்திலோதான் தேட வேண்டும்.

சூடு தருவது

2 லிட்டர் பிடிக்கும் பாத்திரம், அதற்குள் நிற்கும் கண்ணாடிச் சோதனைக்குழாய்கள், குழாய்களுக்குள் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய். அளக்க வேண்டிய பொருள் எண்ணெய்க்குள் இருக்கும், எண்ணெய்க் குழாய் தண்ணீருக்குள் இருக்கும். நேராகத் தண்ணீரில் போட்டால் குழாய்த் தண்ணீரே ஒரு தடையாகப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். 30 ஓம் செம்புச் சுருளுக்கு அது பொருட்டில்லை. 33 கிலோ ஓம் தெர்மிஸ்டரின் கால்களுக்கு நடுவே அந்தக் கசிவுப் பாதை அளவையே கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும், ஐஸ் தண்ணீரில் கட்டியாகிவிடும்.

0 டிகிரி வேண்டுமென்றால் ஐஸை நன்றாக நொறுக்கி, இடைவெளியெல்லாம் நிறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வெறும் ஐஸ் கட்டி 0 டிகிரியில் இருக்காது, அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீரும் ஐஸும் சேர்ந்து நிற்கும்போதுதான் 0 உறுதி. மேல் முனைக்குக் கொதிநீரை 100 என்று எடுத்துக்கொள்வது சென்னையிலோ தூத்துக்குடியிலோ சரி. சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறைகிறது என்பதால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அளவுகளைச் சூடேறும்போது எடுக்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்போது எடுங்கள். சூடேறுகையில் பாத்திரத்தின் அடியும் மேலும் ஒன்றுக்கொன்று பல டிகிரி வேறுபடும். ஆறுவது மெதுவாகவும் சீராகவும் நடக்கும். மூடி போட்டால் 98-லிருந்து 50-க்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். 90, 75, 60, 50, 40 என்று நிதானமாக எடுக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்திருந்தால் அளக்கும் நேரத்தில் அது கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இலக்கங்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தெர்மாமீட்டர் முனை எண்ணெய்க்குள், சுருளின் நடு உயரத்தில், குழாயின் சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். பள்ளிக்கூட லேபில் கிடைக்கும் 110 டிகிரி வரையிலான கண்ணாடித் தெர்மாமீட்டர் போதும். டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலைச் சென்சார் வைத்திருந்தால் அதுவும் நல்லது: மைனஸ் 10 முதல் 85 வரை அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும் என்று தயாரிப்பு விவரம் சொல்கிறது. ஆனால் சரியாக 85.0 என்று காட்டினால் நம்பாதீர்கள். மின்சாரம் வந்ததும் அளவு எடுப்பதற்கு முன்னால் அந்தச் சிப்பின் நினைவில் இருக்கும் எண்ணே 85தான். வயர் லூசாகிச் சென்சார் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் வெந்நீரின் அளவு போலவே அது தோன்றும்.

அளக்கும் சுற்று

மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் நேராக அளந்தால் மீட்டர் வயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை சேர்த்துவிடும். செம்பு ஒரு டிகிரிக்கு 0.116 ஓம்தான் மாறுகிறது. அதாவது கிளிப்பை லேசாக ஆட்டினாலே நான்கு டிகிரி பிழை. அதனால் நான்கு வயர் முறை.

4 பென் டார்ச் செல்லைத் தொடராக வைத்து 6 வோல்ட் எடுங்கள். அதிலிருந்து 1.2 கிலோ ஓம், பிறகு 33 ஓம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், பிறகு அளக்க வேண்டிய சுருள், திரும்ப செல்லுக்கு. சுற்றில் ஓடுவது சுமார் 4.7 மில்லி ஆம்பியர். சுருளின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு வயர்களைச் சால்டர் செய்யுங்கள்: ஒன்று மின்னோட்டத்துக்கு, இன்னொன்று மீட்டருக்கு. மீட்டர் வயரில் மின்னோட்டம் ஓடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம், எனவே அதன் தடை கணக்கில் வராது.

மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, முதலில் 33 ஓமின் குறுக்கே, உடனே சுருளின் குறுக்கே அளக்கவும். சுருளின் தடை = 33 × சுருள் மில்லிவோல்ட் ÷ ரெசிஸ்டர் மில்லிவோல்ட். செல் பலவீனமானாலும் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. மீட்டர் தன் அளவில் ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினாலும் இரண்டு அளவும் ஒரே ரேஞ்சில் எடுக்கப்படுவதால் அந்தப் பிழை அடிபட்டுப் போகும். 33 ஓம் என்று தேர்ந்தெடுத்ததே இதற்குத்தான். 100 ஓம் போட்டால் அதற்கு 2000 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற வேண்டிவரும், இந்த வசதி போய்விடும். 33 ஓம் ரெசிஸ்டரை ஆவி படாத இடத்தில் வையுங்கள். அதுவே சூடானால் அளவுகோலே நீள்கிறது.

செம்பு

வைண்டிங் கடையில் 36 கேஜ் எனாமல் கம்பி எடைக்குத் தருவார்கள். விட்டம் 0.193 மில்லிமீட்டர், மீட்டருக்கு 0.59 ஓம். 50 மீட்டர் என்பது சுமார் 13 கிராம். எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள், காரணம் இருக்கிறது: செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே நீளம் அலுமினியமானால் 4 கிராம்தான். வெப்பநிலைச் சோதனையால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டும் டிகிரிக்கு 0.4 சதவீதத்தை ஒட்டியே ஏறுகின்றன.

10 மில்லி சிரிஞ்சின் வெளிக்குழலில் நான்கு அடுக்காக, இறுக்காமல் சுற்றவும். அடுக்குகள் இருப்பதால் உள்ளே சூடு போய்ச் சேர நேரமாகும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று நிமிடம் விடுங்கள். முனையில் எனாமலை எடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சில கம்பிகளின் எனாமல் சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே உருகிவிடும். மோட்டார் வைண்டிங்குக்கு வரும் கம்பியில் அது உருகாது, மேலே ஈயம் பளபளப்பாக உட்கார்ந்துகொள்ளும், உள்ளே தொடர்பு இருக்காது. பிளேடாலோ உப்புத்தாளாலோ சுற்றிலும் சுரண்டி, செம்பு நிறம் தெரிந்த பிறகே ஈயம் வையுங்கள்.

வர வேண்டிய அளவுகள்: 0 டிகிரியில் 27.1 ஓம், 30-இல் 30.6, 50-இல் 32.9, 75-இல் 35.8, 98-இல் 38.5. வரைபடத்தாளில் வைத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் மைனஸ் 234.5 டிகிரியில் தடை பூஜ்ஜியம் ஆவது போலத் தெரியும். உண்மையில் அங்கே பூஜ்ஜியம் ஆவதில்லை. அவ்வளவு குளிரில் கோடு வளைந்து, கம்பியில் உள்ள கலப்பைப் பொறுத்து ஒரு சிறு தடையில் நின்றுவிடும். ஆனாலும் 234.5 என்ற எண்ணைக் குறித்துவையுங்கள், மோட்டார் வைண்டிங்கில் அதற்கு வேலை இருக்கிறது.

செம்பில் ஓடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 0-விலும் 100-லும் ஒன்றுதான். மாறுவது அவற்றின் வழி. அணுக்கள் தம் இடத்திலிருந்து அதிர்வது சூட்டோடு கூடுகிறது, எலக்ட்ரான் மோதித் திசை மாறுவது கூடுகிறது. அதிர்வு கிட்டத்தட்ட வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதால்தான் நமக்குக் கோடு நேராக வருகிறது.

கலப்பு உலோகங்கள்: கான்ஸ்டன்டன், நிக்ரோம்

லேப் சாமான் கடைகளில் யுரேகா கம்பி என்று கேட்டால் கான்ஸ்டன்டன் தருவார்கள். 55 பங்கு செம்பு, 45 பங்கு நிக்கல். 30 கேஜில் 5 மீட்டர் எடுத்தால் 31 ஓம் வரும். 0-லிருந்து 98 வரை இது மாறுவது அதிகபட்சம் 0.3 சதவீதம். நமது மீட்டரில் நான்கைந்து எண்ணிக்கைதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கான்ஸ்டன்டனும் செம்பும் சேரும் இடம் ஒரு தெர்மோகப்பிள். டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் உண்டாக்கும். சுருளின் ஒரு முனை எண்ணெய்க்குள்ளும் மறுமுனை வெளியேயும் சால்டர் செய்யப்பட்டிருந்தால், 75 டிகிரி வேறுபாட்டில் 3 மில்லிவோல்ட் தானாக வந்து சேரும். 150 மில்லிவோல்டில் அது 2 சதவீதம், கம்பியின் உண்மையான மாற்றத்தைவிடப் பல மடங்கு. கம்பி மாறுகிறது என்று நினைத்துக்கொண்டு இணைப்பை அளந்துகொண்டிருப்போம். இரண்டு முனைகளையும் எண்ணெய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கூடவே ஒவ்வொரு அளவுக்கும் செல்லைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுத்து, குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். தெர்மோகப்பிள் வோல்டேஜ் செல்லோடு திரும்பாது, சராசரியில் காணாமல் போகும். செம்புச் சுருளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிக்ரோமுக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1000 வாட் ஹீட்டர் ஸ்பிரிங் போதும். முழு ஸ்பிரிங் 50 ஓமை ஒட்டி இருக்கும், மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுங்கள். சாதாரண ஃப்ளக்ஸில் நிக்ரோமின் மேல் ஈயம் ஒட்டாது. பித்தளை ஸ்க்ரூ கனெக்டரில் இறுக்குங்கள், மின்னோட்ட வயருக்கும் மீட்டர் வயருக்கும் தனித்தனி ஸ்க்ரூ. 100 டிகிரிக்கு ஒரு சதவீதம் போல ஏறும். சிவந்து 1000 டிகிரிக்குப் போனாலும் மொத்த ஏற்றம் 4 முதல் 7 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அடுப்புக் காயிலுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் அது. செம்பிலோ இரும்பிலோ காயில் செய்தால் போட்ட நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுத்து ஃபியூஸைக் கொண்டுபோய்விடும்.

கலப்பு உலோகத்தில் இரண்டு வகை அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலந்து நிற்கின்றன. எலக்ட்ரானின் வழி குளிரிலேயே கரடுமுரடு. சூட்டால் வரும் அதிர்வு அதன் மேல் சேரும் சிறு கூடுதல் மட்டும். ஆகவே நிக்ரோமின் தடை செம்பைவிட அறுபது மடங்கு பெரிதாகவும், சூட்டுக்கு மசியாததாகவும் இருப்பது ஒரே காரணத்தால்தான். கான்ஸ்டன்டன் இவ்வளவு அசையாமல் நிற்பதற்கு நிக்கலின் காந்தப் பண்பு சார்ந்த வேறு சங்கதிகளும் சேர்கின்றன, அது இந்த மேசையில் அடங்காது.

பல்பு இழை

தூய உலோகத்தை 100 டிகிரிக்கு மேலே கொண்டுபோக எளிய வழி, ஏற்கெனவே கண்ணாடிக்குள் வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோ அடைக்கப்பட்ட டங்ஸ்டன் இழை. 12 வோல்ட் 5 வாட் கார் பார்க்கிங் பல்பு ஒன்று வாங்குங்கள். குளிர்ந்த தடையை மேலே சொன்ன 4.7 மில்லி ஆம்பியர் சுற்றிலேயே அளக்கலாம், 12 மில்லிவோல்ட் போல வரும், அதாவது இரண்டரை ஓம். 1.5 வோல்ட் செல் ஒன்றைப் போட்டு அளந்தால் அது குளிர்ந்த தடை ஆகாது. ஒளி தெரியாவிட்டாலும் இழை அதற்குள் சூடாகியிருக்கும்.

சூடான தடைக்கு, 1 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து அதன் குறுக்கே வரும் வோல்டேஜை மின்னோட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1.5, 3, 6, 9, 12 என்று வோல்டேஜை ஏற்றி, ஒவ்வொன்றிலும் பல்பின் வோல்டேஜை மின்னோட்டத்தால் வகுக்கவும். 12 வோல்டில் 0.417 ஆம்பியர், 28.8 ஓம். குளிர்ந்த தடை 2.4 என்றால் பன்னிரண்டு மடங்கு.

இந்த விகிதமே தெர்மாமீட்டர் ஆகிவிடும். விகிதத்தை 0.83 அடுக்குக்கு உயர்த்தி 300-ஆல் பெருக்கினால் இழையின் வெப்பநிலை கெல்வினில் கிடைக்கும். 12-க்கு இது 2,360 கெல்வின். டங்ஸ்டன் அட்டவணையில் 10 மடங்குக்கு 2,000 கெல்வின் என்று இருக்கிறது, இந்தக் குறுக்குவழி 2,028 தருகிறது; நம் தேவைக்கு ஏராளம். வீட்டில் எரிந்த பழைய 60 வாட் பல்பின் கதையும் இதேதான்: எரியும்போது 880 ஓம், அணைந்திருக்கும்போது 60 சொச்சம். சுவிட்சைப் போடும் நொடியில் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாய்வதால்தான் பல்புகள் பெரும்பாலும் அந்த நொடியில் போயின.

தெர்மிஸ்டர்

10 கிலோ ஓம், பீட்டா 3950 என்று சொல்லி வாங்குங்கள். சூட்டோடு தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்தான் பீட்டா. மணி போன்ற கறுப்பு எபாக்ஸித் தலை, இரண்டு மெல்லிய கால்கள். இதற்கு நான்கு வயர் தேவையில்லை, அரை ஓம் பிழை இங்கே தூசி. மீட்டரின் ஓம் ரேஞ்சே போதும். 0 டிகிரியில் 200 கிலோ ஓம் ரேஞ்ச், அறை வெப்பத்தில் 20 கிலோ ஓம், வெந்நீரில் 2 கிலோ ஓம் என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். கணக்கில் 0-இல் 33.6 கிலோ ஓம், 25-இல் 10, 50-இல் 3.6, 75-இல் 1.5. இது தரும் கோடு சரிந்து வளையும். நேராக்க வேண்டுமானால் தடையின் இயல் மடக்கையை நிலைக்குத்தாகவும், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழியைக் கிடையாகவும் வைக்க வேண்டும்.

பீட்டா கண்டுபிடிக்க இரண்டு அளவு போதும். 30 டிகிரியில் 8.04 கிலோ ஓம், 80-இல் 1.27 கிலோ ஓம் வந்ததென்றால், 8.04 ÷ 1.27 = 6.33, அதன் இயல் மடக்கை 1.845. வெப்பநிலைகள் 303.15, 353.15 கெல்வின், தலைகீழிகளின் வேறுபாடு 0.000467. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 3,950. டிகிரியைக் கெல்வினாக்க மறந்தால் பொருளே இல்லாத எண் வரும்.

பீட்டா 3,700, 3,600 என்று குறைவாக வந்தால் முதலில் குளிர்ப் பக்க அளவைச் சந்தேகியுங்கள். கால்களில் ஈரம் ஏறினால் கசிவுப் பாதை பெரிய தடையைத்தான் முதலில் கெடுக்கும், சிறிய தடையைத் தொடாது. 33 கிலோ ஓம் 28 ஆகக் குறையும், 740 ஓம் அப்படியே இருக்கும். கால்கள் முழுக்க ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு எண்ணெய்க் குழாய்க்குள் விடுங்கள். ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் 5 வோல்டில், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக வோல்டேஜ் பிரிப்பானாக இணைத்தால் தெர்மிஸ்டரே 0.6 மில்லிவாட் சூடாகும். எண்ணெயில் அது தெரியாது; காற்றில் தொங்கவிட்டால் மூன்றில் ஒரு டிகிரி கூட்டிக் காட்டும்.

மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த பீங்கான் இது. இதில் மின்னூட்டம் ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவ ஆற்றல் வேண்டும். சூடு கூடக் கூட அந்த ஆற்றல் கிடைப்பவை மடங்கு மடங்காகப் பெருகும். சூடேறினால் நன்றாகக் கடத்தும் பொருள் உண்டு என்பதை 1833-இல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் கண்டு குறித்தார். உலோகத்துக்கு நேர் எதிராக நடந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது.

சிலிக்கான்: பாடப்புத்தக வரியோடு ஒத்துப்போகாத இடம்

குறைகடத்தி சூடானால் தடை குறையும் என்று படித்தவர்கள் கேடிஒய்81 வகை வெப்பநிலைச் சென்சாரை அளந்தால் திகைப்பார்கள். அது வெறும் சிலிக்கான் துண்டுதான். 25 டிகிரியில் 1,000 ஓம், 100-இல் சுமார் 1,700 ஓம். ஏறுகிறது, அதுவும் செம்பைவிட வேகமாக. மாசு சேர்த்த சிலிக்கானில், அறை வெப்பத்திலேயே மாசணுக்கள் தம் எலக்ட்ரான்களை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டன. இனி சூட்டால் எண்ணிக்கை கூடாது, அதிர்வால் ஓட்டம் தடைபடுவது மட்டும் கூடும். அதனால் உலோகம் போல நடந்துகொள்கிறது. இன்னும் மேலே, சிலிக்கானின் சொந்த எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வரும் சூட்டில்தான் பாடப்புத்தக வரி உண்மையாகும். மாஸ்ஃபெட்டின் (சுவிட்சாகப் பயன்படும் ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஆன் தடை சூட்டில் ஏறுவதும் இதனால்தான். பவர் சப்ளை வடிவமைப்பவர்கள் 25 டிகிரி எண்ணை நம்பி ஹீட் சிங்கைச் சிறிதாக்கினால் மாட்டிக்கொள்வார்கள்.

டையோடு வேறு சங்கதி. 1என்4148 ஒன்றை எண்ணெய்க்குள் விட்டு, மல்டிமீட்டரின் டையோடு நிலையில் அளக்கவும். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் இறங்கும், 0-லிருந்து 98-க்குள் 200 மில்லிவோல்ட் போல. இங்கே அளப்பது தடையை அல்ல, சந்தியின் வோல்டேஜை.

ஃபிரிட்ஜ் ரிலே

கம்ப்ரெசரின் பக்கத்தில் செருகும் பிடிசி ரிலே (பிடிசி என்றால் சூடானால் தடை ஏறுவது), ஸ்பேர் கடையில் தனியாகக் கிடைக்கும். உள்ளே பேரியம் டைட்டனேட் வில்லை. குளிரில் 10 முதல் 50 ஓமுக்குள் இருக்கும். தண்ணீரில் 98 டிகிரி வரை போனாலும் பெரிதாக எதுவும் நடக்காது, சிலவற்றில் கொஞ்சம் குறையவும் செய்யும். ஹாட் ஏர் கன்னை 150 டிகிரியில் வைத்து மெதுவாகக் காட்டினால், 120 டிகிரியை ஒட்டி ஓம் கணக்கு கிலோ ஓம் கணக்காகத் தாவும். அந்த வெப்பநிலையில் பேரியம் டைட்டனேட்டின் படிக அமைப்பு மாறுகிறது, துகள்களின் எல்லைகளில் தடுப்பு எழும்புகிறது. கரண்ட் போய் உடனே வந்தால் ஃபிரிட்ஜ் கிளம்பாமல் முனகிவிட்டு ஓவர்லோடில் நிற்பதற்கு இந்த வில்லையும் ஒரு காரணம்: அது இன்னும் ஆறவில்லை, ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு வழி அடைத்துக் கிடக்கிறது. ரிலே போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் கழற்றி, ஆறவிட்டு, பிறகு ஓம் பாருங்கள்.

உப்புத் தண்ணீர்

பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, 1 கிராம் உப்பைக் கரைக்கவும். கொதிக்கவைப்பது கரைந்த காற்றை வெளியேற்ற. இல்லாவிட்டால் 50 டிகிரிக்கு மேல் மின்முனைகளில் குமிழ் ஒட்டி, பரப்பு குறைந்து, தடை ஏறுவது போலக் காட்டும். மின்முனைகளுக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், 4 மில்லிமீட்டர் தடிமன், பிளாஸ்டிக் மூடியில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில். அடியில் 15 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மீதியை ஸ்லீவால் மூடினால் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கினாலும் அளவு மாறாது.

டிசியில் அளக்க முடியாது. மீட்டரின் ஓம் ரேஞ்சை வைத்தால் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், மின்முனையைச் சுற்றி அயனிகள் குவிந்து எதிர் வோல்டேஜ் உண்டாகிறது. 6 வோல்ட் ஏசி தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர், தொடரில் 1 கிலோ ஓம். ரெசிஸ்டரின் குறுக்கேயும் போல்ட்களின் குறுக்கேயும் 20 வோல்ட் ஏசி ரேஞ்சில் அளந்து, முன்போலவே விகிதம். மலிவான மீட்டர்களில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்சே மிகக் குறைந்தது. அவை இதற்கு ஆகாது. செம்பு மின்முனை வைத்தால் தண்ணீர் பச்சை கட்டிவிடும், அதற்குப் பிறகு என்ன கரைசலை அளக்கிறோம் என்றே தெரியாது. பாத்திரத்தை மூடியே வையுங்கள், தண்ணீர் ஆவியானால் உப்பின் அடர்த்தி கூடும்.

25 டிகிரியின் கடத்தலை 1 என்று வைத்தால், 0-இல் அது பாதியை ஒட்டியும், 75-இல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலும் இருக்கும். அறை வெப்பத்தருகே டிகிரிக்கு 2 சதவீதம். உப்பு முழுக்க ஏற்கெனவே பிரிந்து அயனியாகிவிட்டது, எண்ணிக்கை மாறுவதில்லை. மாறுவது தண்ணீரின் பிசுபிசுப்பு. 0-விலிருந்து 25-க்கு வரும்போது தண்ணீரின் பாகுநிலை பாதியாகிறது. அயனி அதே விசைக்கு இரண்டு மடங்கு வேகமாக நகர்கிறது.

ஆர்ஓ மெக்கானிக்கின் டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் கரைந்த உப்புகளைக் கடத்தலை வைத்துக் காட்டும் கருவி) இதே வெந்நீரில் முக்கினால் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. பேனாவுக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருந்து, டிகிரிக்கு 2 சதவீதம் என்று கழித்து, 25 டிகிரிக்கு ஆக்கிக் காட்டுகிறது. குறை என்னவென்றால் பேனாவின் தெர்மிஸ்டர் பிளாஸ்டிக்குக்குள் இருப்பதால் மெதுவாகவே சூடேறும். வெந்நீரில் முக்கியதும் எண் ஏறி, ஒரு நிமிடத்தில் மெல்ல இறங்கும். இறங்கி நின்ற எண்தான் சரி.

வைண்டிங்கின் சூடு

234.5 இங்கே திரும்ப வருகிறது. சீலிங் ஃபேனோ மோட்டாரோ ஓடிச் சூடானபின் உள்ளே கம்பி எத்தனை டிகிரி என்று அறிய, திறந்து பார்க்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க நிறுத்திவைத்த ஃபேனில் காமன் வயருக்கும் ரன்னிங் வைண்டிங்கின் வயருக்கும் நடுவே ஓம் எடுங்கள். அறை வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். எம்சிபியை அணைத்து, கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, இறக்கை நின்றதும் திரும்ப எடுங்கள். சூடான வெப்பநிலை = (சூடான தடை ÷ குளிர்ந்த தடை) × (234.5 + அறை வெப்பநிலை) − 234.5.

32 டிகிரியில் 280 ஓம், ஓட்டத்துக்குப் பின் 336 ஓம் என்றால் விகிதம் 1.2. அதை 266.5-ஆல் பெருக்கினால் 319.8, கழித்தால் 85 டிகிரி. தகட்டில் பி கிளாஸ் இன்சுலேஷன் என்று போட்டிருந்தால் வரம்பு 130, எஃப் என்றால் 155. இப்படிக் கிடைப்பது வைண்டிங்கின் சராசரி. நடுவே ஏதோ ஓரிடம் இதைவிடச் சூடாகத்தான் இருக்கும் என்பதால் வரம்பை ஒட்டி வரும் எண்ணை நல்ல எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அணைத்த நொடியிலிருந்து கம்பி ஆற ஆரம்பித்துவிடும். அதனால் ஒரே அளவோடு விடாமல் 30, 60, 90, 120 வினாடிகளில் எடுத்துத் தாளில் குறித்து, கோட்டைப் பின்னோக்கிப் பூஜ்ஜிய வினாடிக்கு நீட்டுங்கள். அலுமினிய வைண்டிங் என்றால் 234.5-க்குப் பதில் 225 போட வேண்டும். மேலே உள்ள கணக்கில் விடை 83 டிகிரி ஆகும். 2 டிகிரி வித்தியாசம்தான், எந்தக் கம்பி என்று பார்ப்பதற்காக மட்டும் வைண்டிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை.